ஞானப்பூவின் மூக்கு

நாக்குக்குத் தெரிந்தது ஐந்தே ஐந்துதான், மிச்ச ருசியெல்லாம் மூக்கு கொண்டுவந்து கொடுப்பது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது செண்பகவல்லி டீச்சர். போன நவம்பர் மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு, எட்டாம் வகுப்பில் வைத்து. அன்றைக்குத் தக்காளி சாதம். தேதியைக்கூடச் சொல்லிவிடுவேன், உங்களுக்கு எதற்கு அது.

நீங்கள் காதுக்கா வந்திருக்கிறீர்கள் அக்கா? எந்தக் காது? சரி, அப்படியென்றால் இந்தப் பக்கமாக வந்து உட்காருகிறேன். நான் மூக்குக்கு. பார்த்தால் தெரியாது. சளி இல்லை, சதை வளரவில்லை, ரத்தம் வரவில்லை. மூக்கு இருக்கிற இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மணம் மட்டும் தெரியாது. மல்லிகைப்பூவும் சாணியும் எனக்கு ஒன்றுதான். இந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எல்லாரும் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தார்கள், நானும் வைத்துக்கொண்டேன். ஊரோடு சேர்ந்து வைத்ததுதான்.

அதற்காக நான் அழவில்லை. கிழடு தட்டுகிற வயசில் கண் போகிறது, காது போகிறது, மூக்கு போனால் என்ன. என் மனசு ஆறாதது வேறு விஷயத்தில். கூட இருந்தவர்கள் செய்ததில்.

என் பேர் ஜெபக்கனி. எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சத்துணவுச் சமையல். நான் எட்டாவது முடித்த அதே பள்ளிக்கூடம். வீட்டுக்காரர் தவறிப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில், மகள் ஹெப்சியைப் பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு நான் கரண்டி பிடித்தால், ஒருநாளும் மூடியைத் திறந்து பார்த்தது கிடையாது. பருப்பு வெந்து குழைகிறபோது ஒரு மணம் வரும். அதற்கு முந்தின மணம் வேறு. மசாலாவில் பச்சை வாடை போகிற நேரத்தை நான் அடுத்த அறையில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆண்டவர் கொடுத்தது, அவ்வளவுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்டு மாசம் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்தது. எல்லாருக்கும் போய்விட்டது. எனக்கும் காய்ச்சல் போய்விட்டது, போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு வாயில் வைத்தால் நனைந்த காகிதம் மாதிரி. முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும், பத்து நாளில் சரியாகும் என்று இருந்தேன்.

அந்த ஒரு மாசத்தில் மூன்று தடவை சாம்பார் அடிப்பிடித்தது. எங்கள் சத்துணவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் ஒரு வாத்தியாரோ டீச்சரோ வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இருபது வருஷமாக அந்த நோட்டில் ‘நன்று, நன்று’ என்றுதான் இருக்கும். அந்த மாசம் மூன்று இடத்தில் ‘தீய்ந்த வாடை’ என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது தடவை எழுதின அன்றைக்கு சத்துணவு அமைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னொரு தடவை எழுதினால் நான் ஆபீசுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது அம்மா, பிள்ளைகள் வயிறு விஷயம், கெட்ட முட்டை ஒன்று உள்ளே போனால் என் தலையும் போகும் உங்கள் தலையும் போகும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்றேன்.

நாற்பது நாள் அக்கா. தினமும் ஒரு வேளை உபவாசம். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்கு வேலை கேட்கவில்லை, எனக்கு ஆயுசு கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு என் கையால் கெடுதல் வரக்கூடாது, மூக்கைத் திருப்பித் தாரும் என்று கேட்டேன். தந்தால் சபை நடுவில் நின்று சாட்சி சொல்கிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். எங்கள் கோயிலில் அப்படி ஒரு வழக்கம். வேண்டுதல் கேட்கப்பட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழும்பி நின்று, இன்னது கேட்டேன், இன்னது கிடைத்தது என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால் அது தேவனுக்குக் கடன்.

நாற்பது நாள் முடிவதற்குள்ளேயே நோட்டில் ‘நன்று’ திரும்ப வந்துவிட்டது. அடிப்பிடிக்கவில்லை. பச்சை வாடை என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் தடவை வந்தார்கள். எனக்கும் மணம் வந்தது அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் தாளிப்பு மணம் வந்தது. கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டு அது சுருண்டதும் அந்த மணம் வந்தது. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு நான் எழும்பி நின்றேன். மேடைப் பேச்சு பேசிப் பழக்கம் இல்லை. நான் சொன்னது எனக்கு இன்னும் வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. ‘டாக்டரிடம் போகவில்லை, மருந்து சாப்பிடவில்லை, ஒரு மனுஷருடைய உதவியும் எனக்கு இல்லை, ஆண்டவர் ஒருவரே என் மூக்கைத் திறந்தார்’ என்றேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. இரண்டாம் வரிசையில் இருந்து ஞானப்பூ எல்லாருக்கும் முந்திச் சொன்னாள். பக்கத்தில் ஹெப்சி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஞானப்பூ யார் என்று சொல்லவில்லையே. அவள் உதவியாளர். எனக்கு அப்புறம் எட்டு வருஷம் கழித்து வேலைக்கு வந்தவள். காய் நறுக்குவது, பாத்திரம் விளக்குவது, முட்டை உரிப்பது அவள் வேலை. என்னைவிடப் பத்து வயசு சின்னவள். வாய் கொஞ்சம் அதிகம், மனசில் கள்ளம் இல்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒன்று. என் காய்ச்சலுக்கு அப்புறம் அவள் போக்கு மாறியது. எப்போது பார்த்தாலும் என் குண்டானுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். கரண்டி எடுக்க வந்தேன் என்பாள், தீயைக் குறைத்துவிட்டுப் போவாள். எண்ணெய் டின்னைத் திறந்தால் முதலில் அவள் குனிவாள். முட்டையை அவிக்கும் முன்னால் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள், உரித்த பிறகும் ஒவ்வொன்றாக முகத்துக்குக் கிட்டே கொண்டுபோவாள். என்னடி பண்ணுகிறாய் என்றால் ஓடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பாள். எனக்கு என்ன தோன்றும், சொல்லுங்கள். நான் ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கிறது, அதற்குள் என் கரண்டிக்கு அடி போடுகிறாள் என்று தோன்றியது. அமைப்பாளரிடமும் சொன்னேன். அவளைப் பாத்திரம் விளக்குகிற பக்கமே நிறுத்திவையுங்கள், அடுப்புப் பக்கம் வரவிடாதீர்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, விடுங்கம்மா, கூடமாட நிற்கட்டும் என்றார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை அவள் அப்பா இறந்து மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் ஹெப்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாள். வீட்டில் இருடி என்றால் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சமையலறையிலேயே நின்றாள். மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

செண்பகவல்லி டீச்சர் எட்டாம் வகுப்புக்குப் புலன் உறுப்புகள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அடுப்படிக்கு வந்து, ஜெபக்கனியம்மா, ஒரு பீரியடு மட்டும் வாங்க, மூக்கு போய்த் திரும்ப வந்தவங்க நீங்க ஒருத்தர்தான் நமக்குத் தெரிஞ்சு, பிள்ளைங்க உங்களைப் பார்த்தா மறக்காது என்றார். அவர் நம்ம கோயில் இல்லை, ஆனால் என் சாட்சி அவர் காதுவரைக்கும் போயிருக்கிறது பாருங்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு போனேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஞானப்பூ எழுந்து வந்து, அக்கா போகாதீங்க, உங்களுக்குக் கால்வலி என்றாள். எட்டாம் வகுப்பு பக்கத்துக் கட்டடம். இதற்கும் பொறாமையா என்று நினைத்துக்கொண்டே போனேன்.

நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கண்ணைக் கட்டினார்கள். முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நாக்கில் ஒவ்வொன்றாக விட்டார்கள். சர்க்கரைத் தண்ணீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சை, பாகற்காய்ச் சாறு. எல்லாம் சரியாகச் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டின. ஐந்தாவதாக ஒரு ருசி உண்டு, அதற்கு ஜப்பான்காரர்கள் வைத்த ஒரு பேரை டீச்சர் சொன்னார், எனக்கு மனசில் நிற்கவில்லை. காரம் ருசியிலேயே சேராதாம், அது எரிச்சலாம். அதைச் சொன்னதும் பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிட்டன. இந்த ஐந்துக்கு மேல் நாக்குக்கு ஒன்றும் தெரியாது, சாம்பார் மணமும் ரசத்து மணமும் வாய்க்குப் பின்னால் வழியாக மூக்குக்குப் போய்த்தான் ருசியாகிறது என்றார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேனே, அதற்கு மூக்கே தேவையில்லையா?

அடுத்து மூக்கு. கையை எடுத்துவிட்டு நன்றாக மூச்சு இழுக்கச் சொன்னார். நான் இழுத்தேன். காத்திருந்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. நான் தயார் டீச்சர், கொண்டுவாங்க என்றேன்.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னது.

“ஆயாம்மா, மூக்குக்கு நேராத்தான் இருக்கு.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, காப்பித்தூள்தானே என்றேன். பிள்ளைகள் சிரித்தன. பிறகு டீச்சர் ஏதோ கண் காட்டியிருப்பார், சட்டென்று நிறுத்திவிட்டன. கட்டை அவிழ்த்தபோது டீச்சர் கையில் பஞ்சு இருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு. மேசையில் பெருங்காயமும் காப்பித்தூளும் திறந்து இருந்தன. அவை மூன்றையும் ஒவ்வொன்றாக என் மூக்கில் காட்டி முடித்திருக்கிறார்கள், நான் தயார் என்று சொல்வதற்குள்.

டீச்சர் முகம் செத்துப்போனது. அம்மா, எனக்குத் தெரியாதும்மா என்று என் கையைப் பிடித்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னது அவர் ஒருவர்தான், அவரும் தெரியாமல் சொன்னார். சில காய்ச்சலில் மூக்கு உச்சியில் இருக்கிற மண நரம்பு கெட்டுவிடும், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, பெரிய ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள் என்றார்.

நான் நேராக அடுப்படிக்குப் போனேன். ஞானப்பூ குண்டானுக்குள் தலையைவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். என்ன தெரியுமா என்று அவள் கேட்கவில்லை பாருங்கள். தேங்காய் நாரைக் கீழே போட்டாள்.

“நீங்க தீய்ஞ்ச சட்டிக்குப் பக்கத்துல நின்னு பாட்டுப் படிச்சிட்டு நிக்கீங்க. நான் என்னக்கா செய்யட்டும்? எனக்கு மணக்குதே.”

எனக்கு மணக்குதே. எப்படிச் சொன்னாள் பாருங்கள். இல்லாதவளிடம் இருக்கிறவள் சொல்கிற பேச்சா இது?

ஒரு வருஷத்துக்கு மேல் அக்கா. என் குண்டானை அவள் மூக்கு காவல் காத்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். தீயைக் குறைத்தது, கெட்ட முட்டையைப் பொறுக்கி முந்தானையில் மறைத்துக் குப்பையில் போட்டது, சிக்கு வாடை அடித்த எண்ணெயைக் கால் தட்டிவிட்ட மாதிரிக் கொட்டினது, எல்லாம். எண்ணெயைக் கொட்டினதற்கு நான் அவளை எல்லார் முன்னாலும் ஏசியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு நின்றாள். அமைப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பு அதுதான்.

அன்று சாயங்காலம் ஹெப்சிக்குப் போன் போட்டேன். அவள் அழுதாள். ஞானப்பூச் சித்திதான் முதலில் சொன்னாள், அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன் என்றாள். உங்க நாற்பது நாள் ஜெபத்துல பாதி நாள் முடிஞ்சிருந்தது, அந்த நேரத்துல எப்படிம்மா சொல்ல என்றாள். சாட்சி சொல்லப்போகிறேன் என்று உன்னிடம் முந்தின நாளே சொன்னேனே, அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்றேன். இடுப்பில் பிள்ளையோடு அவள் அடுப்படியில் நின்ற மூன்று நாளை நினைத்துப் பார்த்தேன். மகள் பாசம் என்று ஊரெல்லாம் சொன்னேனே.

என் மூக்கு போனதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அதிலும் கோயிலில் வைத்து. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்த இரண்டு பேர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலையைக் குனிந்தாள். ஒருத்தி ஸ்தோத்திரம் சொன்னாள். ஒரு மனுஷருடைய உதவியும் எனக்கு இல்லை என்று நான் சொல்கிறேன், அவள் ஸ்தோத்திரம் சொல்கிறாள். இதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுமா? நீங்களே சொல்லுங்கள்.

நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? கிறிஸ்துமசுக்குச் சேலை எடுக்காமல் இருந்தேனா? அவள் வீட்டுக்காரர் படுத்தபோது ராத்திரி பகல் ஜெபித்தது யார்? கேட்டேன் அவளிடம். மறுநாளும் வந்து என் குண்டானுக்குப் பக்கத்தில் நின்றாள். இப்போது ஒளிக்கவும் இல்லை. அக்கா, தீயைக் குறைங்க என்று வாய்விட்டே சொல்கிறாள். நான் குறைக்கிறேன், பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே. ஆனால் பதில் பேசுவதில்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு, ஆயிற்று நாலு மாசத்துக்கு மேல்.

இன்றைக்கு டாக்டர் சொல்லிவிடுவார். நரம்பு திரும்புமென்றால் பார்க்கலாம். திரும்பாதென்றால் நானே அமைப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன், அடுப்பு அவளுக்கு, பாத்திரம் எனக்கு என்று. நூற்று நாற்பது பிள்ளை வயிறு, அதில் விளையாட முடியாது. அது எனக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் அடுத்த ஞாயிறுதான். கோயிலில் இன்னொருதரம் எழும்பி நிற்க வேண்டும். மூக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம், அது ஒரு வரி. ஒரு மனுஷருடைய உதவியும் இல்லை என்று சொன்னேனே, அதை எப்படித் திருத்துவது? அவள் பேரைச் சொல்ல வேண்டி வரும். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவள் பேரை நான் சபையில் சொல்ல வேண்டும். எனக்கு இப்படிச் செய்தவள் பேரை. ஜெபத்தில் கேட்டுப் பார்த்தேன். ஆண்டவர் இந்த விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

யாரோடு வந்தேனா? அவளோடுதான். அதோ, சீட்டு வாங்குகிற வரிசையில், நீலச் சேலை, இடுப்பில் கை ஊன்றி நிற்கிறாளே, அவள்தான். நான் கூப்பிடவில்லை. ஹெப்சிக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் இவள் வந்து உட்காருகிறாள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. வந்ததும் நீங்க உட்காருங்க, உங்களுக்குக் கால்வலி என்று சொல்லிவிட்டுப் போய் நிற்கிறாள். நிற்கட்டும்.

அக்கா, ஒரு உதவி. இந்தத் தூக்கில் தயிர்சோறும் தேங்காய்த் துவையலும் இருக்கிறது. விடியுமுன் கட்டினது, பஸ்ஸில் நல்ல வெயில். அவள் வருவதற்குள் இதைத் திறந்து கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்கள். என் மனசு நோகும் என்று பார்க்காதீர்கள், கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்றே சொல்லுங்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன். நான் நீட்டினால் அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவாள்.